வெயிலுகந்தபட்டி மீன் பிடிக்கப் பழகிய கதை

கடற்கரைக்காரர்கள் மீன் பிடிப்பதில் என்ன பெரிய பெருமை இருக்கிறது, வாசலில் தண்ணீர் கிடக்கிறது, தண்ணீரில் மீன் கிடக்கிறது, போய் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். வெயிலுகந்தபட்டியில் அப்படியில்லை, இங்கே கண்மாய் என்று ஒன்று உண்டு, அதில் ஆடுகள் மேயும், கிணறு என்று சில உண்டு, எட்டிப் பார்த்தால் நம் குரல் மட்டும் திரும்பி வரும், அப்படிப்பட்ட கரிசல் காட்டில், குண்டு மிளகாயும் பருத்தியும் கம்பும் தவிர வேறொன்றும் விளையாத ஊரில் இருந்துகொண்டு நாங்கள் மீன்பிடிக்காரர்கள் ஆனோம் என்றால் அதற்குக் கொஞ்சமாவது சாமர்த்தியம் வேண்டாமா?

எங்கள் மீன்கள் நிழலில் இருந்தன. எப்படி வந்தன, யார் கொண்டுவந்து விட்டார்கள் என்றெல்லாம் வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். மழை ஏன் பெய்யவில்லை என்று வருஷக்கணக்காகக் கேட்டும் பதில் கிடைக்காத எங்களுக்கு, மீன் ஏன் வந்தது என்று கேட்கிற பழக்கம் கிடையாது.

முதலில் பிடித்தவள் வெயிலாச்சி. மாசி மாதம், கொண்டல்சாமியின் காட்டில் மிளகாய்ப் பழம் எடுத்துக் காயப்போட்டு மூட்டை பிடிக்கிற சமயம். கொண்டல்சாமி மேலத்தெருக்காரர், ஊரில் பெரிய சம்சாரி, அதாவது நிறைய நிலம் வைத்திருக்கிற விவசாயி, ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர், காட்டின் நடுவே நிற்கிற பெரிய வேம்பும் அவருடையதுதான், அந்த வேம்படியில் உட்கார்ந்து வெயிலாச்சி சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கீழத்தெருக்காரி, கல்யாணமாகி முதல் வருஷம், முழுகாமல் இருந்தாள், விடிந்ததில் இருந்து மீன் குழம்பு மீன் குழம்பு என்று நாக்கு நச்சரித்துக்கொண்டிருந்தது, நச்சரிக்கட்டும் என்று கம்மங்கூழைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் ஊசியை எடுத்தாள். சாக்கு ஊசி என்பது நுனி வளைந்தது, அதில் கூழ் ஒட்டியிருந்தது, அது கைதவறி நிழலுக்குள் விழுந்தது, விழுந்த சத்தம் கேட்கவில்லை. சணலைப் பிடித்து இழுத்தாள். சணலும் அவளை இழுத்தது. அவள் காலை ஊன்றிக்கொண்டு ஒரு வெட்டு வெட்டி இழுக்க, கறுத்து வழுவழுவென்று ஒரு சாண் மீன் வெளியே வந்து விழுந்து, மிளகாய் வற்றலுக்கு நடுவே துள்ளியது.

வெயில் பட்ட பக்கம் அந்த மீன் வெல்லம் மாதிரிக் கரையத் தொடங்கியதால் அவள் சட்டென்று அதைச் சாக்குக்குள் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டினாள். எங்கள் ஊரில் பிடித்த மீனைச் சாக்கிலோ குடைக்கடியிலோ வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற பழக்கம் அப்படித்தான் வந்தது.

சாயங்காலம் அவள் புருஷன் செந்தட்டி வீட்டுக்கு வந்தான்.

"ஏது மீனு?"

"வேம்புல புடிச்சேன்."

"மரத்துலயா?"

"மரத்துல யாராச்சும் மீன் புடிப்பாகளா? அதோட நெழல்ல."

"அப்படிச் சொல்லு," என்ற செந்தட்டி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "கொழம்பு வச்சிட்டியா, இனிமேத்தானா?"

சாப்பிட்டபோது தொண்டையில் இருந்து அடிவயிறு வரைக்கும் குளிர்ந்துகொண்டே போனது, வேலிக்காத்தான் முள்ளில் நடந்து நடந்து காய்த்துப்போன உள்ளங்கால்வரை குளிர்ந்தது, இருவரும் அன்று தண்ணீரே குடிக்காமல் தூங்கினார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். மீன் பிடிக்கும்போது பேசக்கூடாது, பேசினால் மீன் ஓடிவிடும் என்று இன்று எங்கள் ஊரில் சொல்கிறார்களே, மீனுக்குக் காது கிடையாது, வெயிலாச்சியும் செந்தட்டியும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் தின்ன ஆசைப்பட்டதில் பிறந்த பழக்கம் அது, பிறகு அதற்கு ஒழுக்கம் என்று பேர் வைத்துக்கொண்டோம்.

குழம்பு வாசனைக்கு யார் வாயைப் பொத்த முடியும்? அடுத்த வாரமே ஊர் முழுக்கச் சாக்கு ஊசியும் சணலுமாக வேம்படிக்கு வந்துவிட்டது. கொண்டல்சாமியும் வந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிழலைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார், சம்சாரியின் கண்ணால் ஒரு பார்வை பார்த்தார்.

"மரம் என்னுது. மண்ணு என்னுது. மீனு எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியல, ஒங்களுக்கும் தெரியல. அதனால பாதி வாரம், புடிக்கிறதுல பாதி எனக்கு," என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. ஒப்புக்கொண்டோம். அப்புறம் எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தையை மீனிடம் காட்டினோம், அதாவது விவசாயம். நிழலைக் கொத்திவிட்டோம், ஆட்டுப்புழுக்கை போட்டோம், காக்கா வராமல் இருக்கச் சோளக்கொல்லைப் பொம்மை நட்டோம், நட்ட பொம்மையின் நிழலிலும் இரண்டு குஞ்சு வந்து சேர்ந்தது, அதில் எங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், விவசாயம் பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதைக் கடற்கரைக்காரர்கள் கற்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் தெரியாது. காலையில் நிழல் அகலமாகக் கிடக்கும், மீன் பரவிக் கிடக்கும், சிக்காது. உச்சி ஏற ஏற நிழல் சுருங்கும், மீன் நெருக்கியடிக்கும், அப்போது ஊசி போட்டால் போட்ட கை எடுக்க முடியாது, ஆகவே காலங்காலமாக உச்சி வெயிலைத் திட்டித் தீர்த்த ஊர், ஏறு ராசா, இன்னும் கொஞ்சம் ஏறு என்று வெயிலைக் கொஞ்ச ஆரம்பித்தது. பொழுது சாய்ந்துவிட்டால் எல்லா நிழலும் ஒன்றாகச் சேர்ந்து பெரிய இருட்டாகிவிடும், மீன்கள் அதில் எங்கெங்கோ திரிந்துவிட்டு விடிந்ததும் அவரவர் நிழலுக்குத் திரும்பிவிடும், இருட்டுக்குள் ஊசி போடுவது வீண் வேலை. ஆட்டின் நிழலில் பொடி மீன். கோயில் கோபுரத்து நிழலில் மெதுவாக நகர்கிற கிழட்டு மீன், அதை யாரும் தொடுவதில்லை. மத்தியானம் வருகிற டவுன் பஸ்ஸின் நிழலில் மகா வேகமான மீன், அதைப் பிடிக்கப் பஸ்ஸோடு ஓட வேண்டும், ஓடுகிறவர்களைப் பார்த்துக் கண்டக்டர் ஏறுறியா இல்லையா என்று கத்துவார். எப்போதாவது ஒரு மேகம் கடந்துபோனால் அதன் நிழலோடு ஒரு பெருங்கூட்டம் காட்டின் குறுக்கே பாய்ந்து போகும், வேலை செய்கிறவர்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள், அதைப் பிடிக்க இன்றுவரை ஒருவராலும் முடிந்ததில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் மீன் அளவில் பொய் சொல்கிறார்கள் என்று சுற்றுப்பட்டில் ஒரு பேச்சு உண்டு, அது அநியாயம். உச்சியில் பிடித்த மீன் குட்டையாய்த் தடித்து இருக்கும், அதே மீன் சாயங்கால நிழலில் நீண்டு மெலிந்து கைநீளம் ஆகிவிடும். செந்தட்டி இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் அவன் சாயங்கால அளவைச் சொல்கிறான் என்று புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடை வைத்துக்கொண்டோம். மனுஷர் நிழலில் ஊசி போடக்கூடாது. ஒவ்வொருவர் காலடியிலும் ஒன்றோ இரண்டோ நீந்திக்கொண்டிருக்கும், குனிந்து பார்த்தால் தெரியும், ஆனாலும் அது அடுத்தவர் தட்டில் கை வைக்கிற காரியம். யாரும் இதைக் கூட்டம் போட்டுப் பேசவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஐப்பசியில் வெயிலாச்சிக்குப் பெண் பிறந்தது, சீனித்தாய் என்று பேர் வைத்தார்கள், மாசம் நாலானதும் சேலையில் தொட்டில் கட்டி வேம்பின் கிளையில் தொங்கவிட்டுவிட்டு அவள் மிளகாய் எடுக்கப் போனாள், கீழே நிழலில் மீன்கள் சுற்றிச் சுற்றி வர மேலே பிள்ளை அசந்து தூங்கியது, அந்த மரத்தடியில் ஒரு பிள்ளைகூட வேர்த்து அழுததில்லை.

பங்குனியில்தான் அந்தத் தப்பைச் செய்தோம். கொண்டல்சாமி வேம்படிக்கு வந்து பார்த்தார், நிழல் தளும்பத் தளும்ப மீன். சம்சாரிக்குக் கை அரித்தது.

"வெளஞ்சு நிக்கிற வெள்ளாமைய எத்தன நாளைக்கு விட்டுவைக்கிறது? அறுத்துருவோம்," என்றார்.

ஒருவராவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், ஒருவருக்கும் தோன்றவில்லை, பாதிக் காட்டை அறுத்துவிட்டுப் பாதியை விட்டுவிட்டு வந்த பழக்கம் எங்கள் ஊரில் எவனுக்கு இருந்தது? நல்ல நேரம் பார்த்து, குலவையிட்டு, பழைய சேலைகளை முடிச்சுப்போட்டு இரண்டு பக்கமும் ஆள் பிடித்து உச்சிப்பொழுதில் நிழலை அரித்தோம், பெரிசு சிறிசு, சினை மீன், கண் திறக்காத குஞ்சு எல்லாம் வந்தது, வேம்பை முடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம், அங்கிருந்து பள்ளிக்கூடச் சுவருக்கு, பிறகு வீட்டுக்கு வீடு கூரைக்கடியில், கட்டிலுக்கடியில், கோபுர நிழலைக்கூட அந்த வேகத்தில் விடவில்லை. வெயிலாச்சி ஒரு சேலையின் முனையைப் பிடித்து இழுத்தாள், நன்றாகவே இழுத்தாள். களத்தில் குவித்துப் பங்கு போட்டுக்கொண்டு ஊரே குழம்பு வைத்துத் தின்று குளிர்ந்து கிடந்தது.

சித்திரை பிறந்தது. நிழல் எப்போதும்போல் கறுப்பாகத்தான் விழுந்தது, ஆனால் அதற்குள் கால் வைத்தால் வெயிலில் வைத்தது போலவே சுட்டது. மீன் இல்லாத நிழலுக்குக் குளிர்ச்சி இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். வேம்படியில் காக்கைகள் அலகைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன, கோழிகள் கூரைக்கடியில் இருந்து வெளியே ஓடி வந்து வெளியில் நிற்பதா உள்ளே போவதா என்று தெரியாமல் முழித்தன, வீட்டுக்குள்ளும் வெளியேயும் ஒரே கொதிப்பு. பெரியவர்கள் முனகிக்கொண்டு பொறுத்தார்கள். சீனித்தாய் பொறுக்கவில்லை. பால் குடிப்பதை விட்டாள், உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது, டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அங்கே குளுக்கோஸ் ஏற்றித் தேற்றிக் கொடுத்த நர்சம்மா நல்ல மனசோடுதான் சொன்னாள், பிள்ளைய நெழல்லயே வச்சிருங்க என்று.

"எந்த நெழல்ல?" என்றாள் வெயிலாச்சி. நர்சம்மாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

ஊருக்குத் திரும்பி, பஸ்ஸைவிட்டு இறங்கி வேம்பைக் கடக்கும்போதே பிள்ளைக்கு மறுபடி கண் சொருக ஆரம்பித்தது. வெயிலாச்சி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய நாத்தனார் சீனியம்மா முந்தானையை நனைத்துக்கொண்டு ஓடிவந்தாள், நனைத்த துணி பிள்ளைமேல் பட்ட மாத்திரத்தில் காய்ந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, மேலத்தெருவும் வந்தது, கீழத்தெருவும் வந்தது, சூரியன் நடுத்தலைக்கு ஏறியிருந்தது. அப்போது வெயிலாச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், மரத்தடியைவிட்டு வெளியே நடந்தாள், பொட்டல் வெயிலில் சேலையை விரித்துப் பிள்ளையைப் படுக்கப்போட்டாள்.

"அடிப் பாவி, கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு! பச்சப் பிள்ளைய வெயில்ல போடுற!" என்று சீனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சும்மா கெடங்க மதினி," என்றாள் வெயிலாச்சி. சொல்லிவிட்டுப் பிள்ளைமேல் குனிந்தாள், வெயில் முழுவதும் அவள் முதுகில் விழுந்தது, அவளுடைய நிழல் பிள்ளைமேல் விழுந்தது. நாங்கள் தொடாமல் விட்ட நிழல் அது ஒன்றுதான், மனுஷ நிழல், அதில் நீந்திக்கொண்டிருந்த விரல்கடை மீன் பிள்ளையின் நெற்றியில் இருந்து நெஞ்சுக்கு ஒருமுறை ஓடியது, பிள்ளை ஒரு மூச்சு இழுத்துவிட்டது. அவ்வளவுதான், ஒரு மீன் எவ்வளவுதான் ஓடும்? அவள் தலையை மட்டும் தூக்கினாள்.

"வேடிக்கையா பாக்குறீக? வந்து நில்லுங்க!"

செந்தட்டி வந்து குனிந்தான், சீனியம்மா வந்தாள், மிளகாய் எடுக்கிற பெண்கள் வந்தார்கள், அவர்களுடைய நிழல் மீன்களுக்குச் செட்டை சிவந்திருந்தது, ஆடு மேய்க்கிறவர்களின் மீன்கள் புழுதி நிறம், பள்ளிக்கூட வாத்தியாருடையது சாம்பல் நிறம். கீழத்தெரு முழுக்கக் குனிந்தும்கூடப் பிள்ளையின் கால்மாட்டில் ஒரு சொளகு அளவுக்கு வெயில் பாக்கி இருந்தது, அந்த இடத்தில்தான் மேலத்தெரு நின்றுகொண்டிருந்தது, நிற்க மட்டும் செய்தது. எங்கள் ஊரில் கீழத்தெருக்காரர்கள் மேலத்தெரு வழியாகப் போனால் காலையில் கிழக்கோரமும் சாயங்காலம் மேற்கோரமுமாக, தங்கள் நிழல் யார் வாசலிலும் விழாமல் பார்த்துத்தான் போவார்கள். கேவலமான பழக்கம், ஆனாலும் பழக்கம். நிழலோடு நிழல் கலப்பது என்றால் சும்மாவா?

கொண்டல்சாமி பிள்ளையின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பட்ட அந்தப் பாதம் சிவந்து, விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்தார், எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவர்போல அதைத் தரையில் போட்டார், மேலத்தெருவில் யாரோ "மாமா" என்று அதட்டியது காதில் விழுந்தும் விழாதவராக நடந்து வந்து, ஆறடி உடம்பை இரண்டாக மடித்துக் குனிந்தார். பெரிய நிழல் அவருடையது, அதில் பெரிய மீன். அது சீனித்தாயின் கால்மாட்டில் விழுந்து, உடம்பு நெடுக ஒருமுறை புரண்டு, மற்ற மீன்களோடு மீனாகச் சுற்ற ஆரம்பித்தது. பிள்ளை வீரிட்டு அழுதது. அழுததும் வெயிலாச்சி அழுதாள், அழுதுகொண்டே ரவிக்கையைத் தளர்த்தினாள், பிள்ளை பால் குடித்தது, ஆண்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தபடியே நின்றார்கள்.

பொழுது சாயச் சாய நாங்களும் நகர்ந்து நகர்ந்து நின்றோம், மேலத்தெருவிலும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள், இடுப்பு ஒடிந்தவர்களுக்கு மாற்றாள் வந்தது, எங்கள் நிழல் ஒரே நிழலாக நீண்டு நீண்டு போய்ச் சாயங்காலம் வேம்பின் நிழலைத் தொட்டது, தொட்டதும் அந்த வழியாக மீன்கள் வேம்படிக்குள் இறங்கின. காக்கைகள் அலகை மூடின. அதன்பின் அந்த வருஷம் முழுக்க ஒருவரும் ஊசி போடவில்லை, மறு வருஷம் போட்டபோது சினை மீனையும் குஞ்சையும் திரும்ப விட்டோம், இன்றும் விடுகிறோம்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கொண்டல்சாமி கீழத்தெருவுக்குள் வந்தார். பிறந்ததில் இருந்து அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை, எந்த வீடு என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்டுக் கேட்டு வந்தார். வெயிலாச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏ தாயி, ஒரு தப்பு நடந்துபோச்சு," என்றார் அவர். குனிந்து தன் காலடியைக் காட்டினார். அத்தனை பெரிய நிழலுக்குள் நகக்கண் அளவில் ஒரு மீன், திசை தெரியாமல், ஆனால் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது. "ஒம் பிள்ள மீனு எங்கூட வந்திருச்சு. நேத்து நெரிசல்ல மாறிருக்கும்."

வெயிலாச்சி பிள்ளையை இறக்கி வாசலில் உட்காரவைத்தாள். சீனித்தாயின் கையகல நிழலுக்குள் அந்தப் பெரிய மீன், வாலுக்கு இடம் போதாமல் வளைந்து சுருண்டு கிடந்தது.

"ஒங்களுது இங்கதான் கெடக்கு மொதலாளி," என்றாள்.

மாற்றுவது என்றால் அவர் நிழல் பிள்ளைமேல் விழவேண்டும், ஒரு எட்டு எடுத்துவைத்தால் விழுந்துவிடும். அவர் அந்த எட்டை எடுத்துவைத்தார். பிள்ளைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். இரண்டு மீனும் ஒன்றையொன்று சுற்றிப் பார்த்துவிட்டு, போன இடத்துக்கே திரும்பிப் போயின.

"போக மாட்டேங்குதே," என்றார் கொண்டல்சாமி.

"அதுகளுக்குப் புடிச்சுப்போச்சு. இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் வெயிலாச்சி. "ஆனா ஒங்களுது தீனி கூடத் திங்கும்போல. எங்க வீட்ல அம்புட்டுக் கூழுக்கு எங்க போறது?"

கொண்டல்சாமி வேட்டி மடியை அவிழ்த்தார். ஒரு உருண்டைக் கம்மஞ்சோறு இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதைப் பிட்டுப் பிள்ளையின் நிழலில் போட்டார்.

"நாந்தான் தெனமும் வந்து போடணும்," என்றார்.